கும்பகோணத்து மருந்தும் திருவாரூர் மாவட்டத்து நோயாளியும்: டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

2021 ஜூன் 16

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு,

வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றின் கரையோரச் சிற்றூர்கள் சிலவற்றில் பணிசெய்யும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தங்கள் நால்வருக்கும் சேர்த்தே எழுதுவதற்குக் காரணம், எங்கள் கோரிக்கை எந்த ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள்ளும் தீர்ந்துவிடக் கூடியதன்று என்பதுதான். கொரோனா தொற்றால் மே 10 முதல் நடப்பில் இருக்கும் முழு ஊரடங்கில், ஜூன் 7க்குப் பிறகும் கூடுதல் தளர்வுகள் கிடைக்காத 11 மாவட்டங்களுள் தங்கள் நான்கு மாவட்டங்களும் அடங்குகின்றன. தொற்று குறையாத இடத்தில் கட்டுப்பாடு நீடிப்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டே, வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் தடைபடுகிறது, தங்கள் கையெழுத்தால் அதில் எவ்வளவு சரியாகும் என்பதைத் தெரிவிக்கவே விரும்புகிறேன்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லும் மடல் அன்று இது. அரிசி அட்டைதாரர்களுக்கு மே மாதம் 2,000 ரூபாய் வந்து சேர்ந்தது; இரண்டாம் தவணையும் 14 வகை மளிகைப் பொருள் தொகுப்பும் இந்த வாரம் நியாய விலைக் கடைகளில் வழங்கப்படுகின்றன. மே 24 முதல் மருந்துக்கடை போன்றவை தவிர மற்றக் கடைகள் அடைத்திருந்த நாட்களில் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன. இப்போது மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கின்றன. ஆகவே அரிசி, பருப்பு பற்றிய கவலை சென்ற ஆண்டைப் போல் இல்லை. எஞ்சி நிற்பவை வேறு: மருந்து, குருதி, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு வேளைச் சமைத்த உணவு, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர், இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்ற கேள்விக்கு விடை. இவற்றை மூட்டையாகக் கட்டி அனுப்ப முடியாது. எந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அதைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு நீளக் கணக்கு நோட்டு. ஊரடங்குக்கு முன்பு மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் அதைப் பராமரித்து வருகிறார். கதவு எண் தெரியாத வீடுகளுக்குக் கீழத்தெரு முனை, பம்புசெட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குப் பின்பக்கம் என்று அடையாளம் எழுதியிருக்கும். பக்கத்திலேயே குறிப்புகள்: மகன் திருப்பூரில், தொலைபேசி உண்டு, காது மந்தம், ஆகையால் நேரில் போகவும், மூன்று மணிக்கு மேல் போகவும், மதியம் தூங்குவார், பார்வை மங்கல், மாத்திரையின் நிறத்தையும் வேளையையும் வாயால் சொல்லிவிட்டு வரவும். எந்தத் துறையின் பதிவேட்டிலும் இந்தக் குறிப்புகள் இருக்க வாய்ப்பில்லை; இருக்க வேண்டும் என்றும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கதவைத் தட்டுகிறவனுக்கு இவை இல்லாமல் வேலை நடக்காது.

மருந்து வாங்கி வருவது பார்ப்பதற்கு எளிய வேலை. சீட்டு இருந்தால் எளிதுதான். பல வீடுகளில் மருத்துவர் எழுதிய சீட்டு எப்போதோ தொலைந்திருக்கும். காலியான மாத்திரை அட்டையைக் கொடுத்து இதே போல வேண்டும் என்பார்கள். அந்த அட்டையும் பாதியாக நறுக்கப்பட்டு, மருந்தின் பெயர் அச்சான பகுதி போன வாரமே குப்பைக்குப் போயிருக்கும். எங்கள் குழுவின் பிள்ளைகள் எஞ்சிய துண்டைக் கைபேசியில் படமெடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பி, கடைக்காரர் சந்தேகப்பட்டால் பழைய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, பெயரையும் அளவையும் உறுதி செய்துகொண்ட பிறகே வாங்குகிறார்கள். இன்சுலின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்து அது. அதற்காகப் பனிக்கட்டிமேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். வாயகன்ற ஃபிளாஸ்க்கின் அடியில் பனிக்கட்டி, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் பாலித்தீன் உறையில் மருந்து என்று வைத்து, ஆனி வெயிலில் இருசக்கர வண்டியில் கொண்டு வருகிறார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு வாரத் தேவையை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் பெயர் எழுதி வைக்கிறோம். பக்கத்து வீட்டார் இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதுதான் இம்மடலின் மையம். எங்கள் பகுதிக்கு, தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள கும்பகோணம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். சர்க்கரை, இதயம், சிறுநீரகம், மகப்பேறு எதுவானாலும் தலைமுறைகளாக நாங்கள் போகும் ஊர் அதுதான். மருத்துவர்களும் அங்கே, அவர்கள் எழுதும் மருந்தை வைத்திருக்கும் கடைகளும் அங்கே. எங்கள் மாவட்டத் தலைநகரான திருவாரூருக்கு அதைப்போல் மூன்று மடங்குத் தொலைவு. இப்போதைய விதியின்படி, மருத்துவக் காரணத்துக்காக மாவட்டத்துக்குள் செல்ல இ-பதிவு எனப்படும் இணையவழிப் பயணப் பதிவு தேவையில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத் தேவை. ஆகவே திருவாரூர்வரை போய்வர எந்தப் பதிவும் வேண்டாம். பக்கத்திலிருக்கும் கும்பகோணத்துக்குப் போகத்தான் பதிவு வேண்டும். நோய் பரவாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி, எங்கள் ஊரைப் பொறுத்தவரை, குறைந்த தூரத்தைத் தடுத்து நெடுந்தூரத்தை அனுமதிக்கிறது.

நாங்கள் மட்டும் இப்படி மாட்டிக்கொள்ளவில்லை. ஒன்றாக இருந்த தஞ்சை ஜில்லா 1991இல் பிரிந்து நாகப்பட்டினம் மாவட்டம் வந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது. மயிலாடுதுறை மாவட்டத்துக்கான அறிவிப்பு 2020 மார்ச் 24 அன்று சட்டமன்றத்தில் வெளியானது, அன்றிரவுதான் நாடு தழுவிய ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது. நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவினைகள் தேவைப்பட்டன; மாவட்டம் கேட்டுப் போராடியவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. ஆனால் ஆறும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் எந்தச் சந்தையை நோக்கிப் போயினவோ, அந்தப் பக்கமேதான் சனங்களும் போகிறார்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் பக்கத்துச் சிற்றூர்களிலும் கும்பகோணத்துக்குப் போய்ப் பழகியவர்கள் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருமருகல் பக்கத்தவர்களுக்குக் காரைக்கால் கிட்டம், அதுவோ புதுச்சேரி அரசின் நிலம்.

எல்லையிலுள்ள ஒரு சோதனைச் சாவடியில் நடந்ததைச் சொல்கிறேன்; அங்கிருந்த காவலர்மேல் குறை சொல்வதற்காக அன்று. எங்கள் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பல வீடுகளின் மருந்துகளை ஒரே பையில் எடுத்து வந்தார். அவர் பெயரில் இ-பதிவுச் சீட்டு இருந்தது. பையைத் திறந்து பார்த்த காவலர், உறைகளின்மேல் எழுதியிருந்த பெயர்களைப் படித்துவிட்டு, “இவங்கல்லாம் உனக்கு என்ன உறவு?” என்று கேட்டிருக்கிறார். “எங்க தெருக்காரங்க சார்” என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. பதிவில் கேட்கப்படும் காரணங்கள் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தன் நோய்க்காக, தன் வீட்டு மரணத்துக்காக, தன் வீட்டு முதியவருக்காக ஒருவர் போகலாம். ஒரு தெருவுக்காக ஒருவர் போவதை எந்தக் காரணத்தின் கீழ் சேர்ப்பது என்பதை அந்த நேரத்தில் சாவடியில் நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அன்று இருந்தவர் அரை மணி நேரம் யோசித்துவிட்டு அனுப்பிவிட்டார். அந்த அரை மணி நேரமும் வெயிலில் இருந்தது ஃபிளாஸ்க்.

தங்களுக்கு நினைவிருக்கும்: சென்ற ஆண்டு ஏப்ரலில், தொண்டு அமைப்புகளும் கட்சிகளும் நிவாரணப் பொருள்களை நேரடியாக வழங்கக் கூடாது, அரசு வழியாகவே கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 48 மணி நேரத்துக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டு, ஓட்டுநர் நீங்கலாக மூவருக்கு மிகாமல் சென்று வழங்கலாம் என்று நீதிமன்றம் வழி செய்தது. கூட்டம் கூடும் என்ற அரசின் அச்சம் பொய்யில்லை. ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்காக ஒரு மைதானமே நிரம்பியதை நாங்களும் பார்த்திருக்கிறோம். இருந்தாலும், அரிசி மூட்டையை எங்கே, யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்பதை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லலாம். டயாலிசிஸுக்குப் போகும் வண்டி வரவில்லை என்று விடியற்காலையில் வரும் அழைப்பை எப்படி முன்னதாகச் சொல்வது? அன்றும் இன்றும் விதிகள் பொருள் வழங்குபவரை நினைத்தே எழுதப்படுகின்றன. எங்கள் வேலையில் பொருள் வழங்குவது சிறு பகுதி.

குருதிக்கொடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது அதிகம் வெளியே தெரிவதில்லை. கல்லூரிகள் மூடியதால் முகாம்கள் நின்றுபோயின. முகாம்களில் வந்துகொண்டிருந்த குருதி நின்றது. பிரசவமும் விபத்தும் ரத்தசோகையும் நிற்கவில்லை. முகாம் நடத்திச் சேமித்துவிடலாம் என்றாலும், சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்வரை தாங்கும். தட்டணுக்கள் ஐந்து நாளைக்குமேல் தாங்கா. எனவே தேவைப்படும் நாளில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றே வழி. மே மாதத்தில் 18 வயதைக் கடந்தவர்களுக்கும் தடுப்பூசி தொடங்கியபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது: தடுப்பூசி போட்ட பிறகு 14 நாள் குருதி கொடுக்கக் கூடாது என்பது தேசிய குருதிப் பரிமாற்றக் குழுமத்தின் நெறி. தடுப்பூசிக்கு ஆர்வமாக இருந்த எங்கள் கொடையாளர்களிடம், முதலில் குருதி கொடுங்கள், பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவராகப் பேசி, யார் எந்தத் தேதியில் ஊசி போட்டுக்கொண்டார் என்பதையும் நோட்டில் குறித்து வருகிறோம். இரவு ஒன்பது மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால், பேருந்து ஓடாத இந்நாட்களில், கொடையாளரை இருசக்கர வண்டியில் அழைத்துப்போய், குருதி கொடுத்த களைப்போடு அவரே வண்டி ஓட்டாமல் பார்த்துக்கொண்டு, திரும்ப வீட்டில் விட வேண்டும். மருத்துவமனை தரும் சீட்டு நோயாளியின் பெயரில் இருக்கும். கொடையாளரையோ அழைத்துச் செல்பவரையோ அது குறிப்பிடுவதில்லை. சாவடியில் மறுபடியும் அதே கேள்வி.

சமையல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருமணங்கள் சுருங்கியதால் வேலையிழந்த சமையல்காரர்கள் இருவர் தாமாக முன்வந்தார்கள். இலை விலைபோகாத வாழை விவசாயிகள் கட்டுக்கட்டாக இலை தந்தார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தினர் தங்கள் ஆம்புலன்ஸை எல்லாச் சாதிக்கும் சமயத்துக்கும் பொதுவாக விட்டிருக்கிறார்கள். தொற்று இருக்கும் வீட்டில் தூக்குவாளியைத் திண்ணையில் வைக்கச் சொல்லி, அதைத் தொடாமல் சோற்றையும் குழம்பையும் மேலிருந்து ஊற்றிவிட்டு வருகிறோம். ஆக்சிமீட்டரைக் கிருமிநாசினியால் துடைத்து வீடு வீடாக மாற்றிக் கொடுத்து, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் உறுதியாகச் செய்திருக்கிறோம்: உணவு வாங்குபவரைப் படமெடுப்பதில்லை. படம் வேண்டும் என்று கேட்ட நன்கொடையாளர் சிலரின் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். நிதிக்கு அது இழப்புதான். ஆனால் படமெடுப்பார்கள் என்ற பயத்தில் வாளியை வெளியே வைக்காமல் இருந்த வீடுகள் அதன்பிறகே வைக்கத் தொடங்கின.

இந்த மண்ணுக்குப் பேரிடர் புதிதன்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது தமிழகமெங்கும் இருந்து லாரிகள் வந்தன. அவற்றுள் பல நெடுஞ்சாலையோர ஊர்களிலேயே காலியாகி, உள்ளே இருந்த குடியிருப்புகளுக்கு ஒன்றும் போய்ச்சேராத நிலையைத் தங்கள் துறையினரே நேரில் கண்டிருப்பார்கள். பொருள் குறைவால் வந்த வினை அன்று அது. உள்ளே போகும் வழியும் உள்ளே இருப்பவர் யார் என்பதும் தெரியாததால் வந்தது. அதற்கு நேர்மாறான முன்மாதிரியும் இங்கேயே உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு அமைப்புகளை ஒருங்கிணைக்க ஒரு மையம் ஏற்பட்டது. யார் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறார்கள் என்பது ஓரிடத்தில் தெரிந்தது. அப்போது முடிந்த ஒன்றைத்தான் இப்போதும் கேட்கிறோம், இன்னும் சிறிய அளவில்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்ட ஆணையத்தின் பணிகளை 30ஆம் பிரிவில் சொல்லும்போது, அடித்தட்டில் பணியாற்றும் தொண்டு அமைப்புகளைப் பேரிடர் மேலாண்மையில் ஈடுபட ஊக்குவிப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. அடுத்த பிரிவு, மாவட்டத் திட்டம் ஒன்றை வகுத்து ஆண்டுதோறும் அதைப் பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. அந்தத் திட்டத்தில் ஊராட்சி வாரியாகத் தன்னார்வலர் பெயர்கள் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது வேறு.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பரிந்துரைக்க, வட்டாட்சியர் கையெழுத்திட்டு, ஊராட்சிக்கு நான்கு பேருக்கு மிகாமல் ஓர் அடையாள அட்டை தாருங்கள். மருந்து, உணவு, குருதிக்கொடை ஆகிய மூன்று பணிகளுக்கு மட்டும் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். வழங்கியது எந்த மாவட்டமானாலும் மற்ற மூன்று மாவட்டங்களின் சாவடிகளிலும் அது செல்லும் என்று நால்வரும் சேர்ந்து ஒரே உத்தரவாக வெளியிடுங்கள். காரைக்கால் நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால் கரையோர மக்களுக்கு உதவியாக இருக்கும். அட்டையைத் தவறாகப் பயன்படுத்துபவரிடமிருந்து அதை உடனே பறித்துவிடலாம், அதற்காக நாங்கள் பரிந்து வரமாட்டோம். அட்டை பெறுபவர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை வேண்டும். முதியவர்களின் வாசலுக்குத் தினமும் போகிறவர்கள் அவர்கள். இதற்கு அடுத்தபடியாக, வாரத்துக்கு ஒருமுறை கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஊராட்சிச் செயலரும் எங்களோடு தொலைபேசியில் பேச ஒரு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். யாருக்குத் தொற்று என்ற பட்டியலை நாங்கள் கேட்கவில்லை. அது வெளியே போகக் கூடாத செய்தி. எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இதை இப்போதே கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் வந்து குறுவை வேலை சூடுபிடித்ததும், எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் விவசாயத் தொழிலாளர்கள், கூலியை விட்டுவிட்டுத் தொண்டு செய்யுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. நடவுக்குப் பெண்கள் போன பிறகு பகல் முழுதும் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் குழந்தைகளும்தான். கைகள் குறைந்து தேவை கூடும் அந்த வாரங்களில், சாவடியில் காத்திருக்கும் நேரம் எங்களுக்குப் பெரிய நேரம்.

இப்போதைய ஊரடங்கு உத்தரவு ஜூன் 21 காலையுடன் முடிகிறது. நீட்டிப்பதா, தளர்த்துவதா என்பதை அதற்குள் அரசு முடிவு செய்யும். அந்த முடிவு எதுவாக இருந்தாலும், அதற்கு முன் நான்கு மாவட்டங்களிலிருந்தும் அலுவலர் ஒருவரை நியமித்து, எல்லையோர ஊர்களில் பணிசெய்யும் குழுக்களைக் காணொலி வழியாகவாவது ஒருமுறை அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். பெயர்களை மறைத்து, எங்கள் நோட்டின் நகலை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறோம். மருத்துவமனை அழைப்புகள் மாலைக்குப் பிறகே அதிகம் வருவதால், காலை நேரமாக இருந்தால் எங்களுக்கு வசதி.

இங்ஙனம்,
செயலாளர்,
ஒரு தன்னார்வக் குழு,
வலங்கைமான் வட்டம்.